ஆன்மிக அச்சமும் வாக்குரிமையும்
அயர்லாந்துத் தேர்தல் வழக்குத் தீர்ப்புகள் சில பற்றிய ஒரு நோக்கு

வாக்குரிமை சட்டத்தினால் வழங்கப்படும்போது மட்டும் முழுமை பெறுவதன்று. அச்சமின்றிப் பயன்படுத்தப்படும்போதே அது உரிமை என்னும் பெயருக்கு உரியதாகின்றது. இதனை உணர்ந்தே தேர்தற் சட்டங்கள் கையூட்டையும் வன்செயலையும் தகாத செல்வாக்கையும் குற்றங்களாக வகுத்து வந்துள்ளன. முன்னைய இரண்டையும் நிறுவுதல் ஒப்பீட்டளவில் எளிது. கைமாறிய காசுக்குச் சாட்சி உண்டு. பட்ட அடிக்குத் தழும்பு உண்டு. ஆயின், மறுமையில் தண்டனை கிட்டும் என்று ஒரு மதகுரு உரைத்தமையால் ஒருவன் தன் வாக்கை மாற்றிக்கொண்டான் என்பதற்கு எதனைச் சான்றாகக் காட்டுவது? அவன் அஞ்சி மாறினானா, அன்றி உளமார ஏற்று மாறினானா என்பதை எந்த நீதிமன்றம் அளந்தறியும்?

இவ்வினாக்களுக்கு நேர்முகமாக விடை காண முற்பட்டவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்தில் நிகழ்ந்த தேர்தல் வழக்குகளாகும். 1872ஆம் ஆண்டின் கோல்வே வழக்கும், 1892ஆம் ஆண்டின் மீத் வழக்குகளும் அவற்றுள் தலையாயவை. இவற்றின் தீர்ப்புகளைச் சட்ட முன்னுதாரணங்களாக மட்டுமே நோக்கும் வழக்கம் உண்டு. அவை வாக்காளன் என்னும் மனிதனைப் பற்றிய சில கருத்துருவங்களையும் தம்முள் கொண்டவை. அக்கருத்துருவங்கள் எத்தகையன, அவை எவ்வளவு தூரம் நீதியானவை என்பதை மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சட்டத்தின் தோற்றம்

தகாத செல்வாக்கு என்னும் கருத்து தேர்தற் களத்திலே பிறந்ததன்று. சொத்துரிமை பற்றிய ஒப்புரவு நீதிமன்றங்களே அதன் பிறப்பிடம். 1807இல் முடிவுசெய்யப்பட்ட ஹியூகனின் – பேஸ்லி வழக்கில், விதவை ஒருத்தி தனக்கு ஆலோசகராயிருந்த மதகுருவுக்கு எழுதிக்கொடுத்த சொத்துறுதியை எல்டன் பிரபு செல்லாததாக்கினார். அங்கு வன்முறையோ வஞ்சகமோ நிறுவப்பட வேண்டியதில்லை. நம்பிக்கையின் பெயரால் ஒருவர் மற்றொருவர் மனத்தை ஆட்கொள்ளும் நிலையில் இருந்தார் என்பதே போதுமானதாயிற்று. ஒரு துண்டு நிலத்தைப் பாதுகாக்க எழுந்த இக்கோட்பாடு, வாக்கைப் பாதுகாக்கும் கருவியாகப் பின்னர் மாறியது.

1854ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் வாக்காளனுக்குத் தீங்கு விளைப்பதையும் விளைப்பதாக அச்சுறுத்துவதையும் தகாத செல்வாக்கு என வரையறுத்தது. ஆன்மிகத் தீங்கு என்னும் சொல் அதில் இடம்பெறவில்லை. அச்சொல் 1883ஆம் ஆண்டுச் சட்டத்திலேதான் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. இதற்கிடையில், 1868ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தல் மனுக்களை விசாரிக்கும் பொறுப்பைப் பாராளுமன்றக் குழுக்களிடமிருந்து நீதிபதிகளிடம் மாற்றியது. கட்சி நோக்கிலே தீர்க்கப்பட்டு வந்த பிணக்குகள் சாட்சியத்தின் அடிப்படையிலே தீர்க்கப்படவேண்டும் என்பதே அம்மாற்றத்தின் குறிக்கோள். அக்குறிக்கோளை அடைய நீதிபதி கட்சிச் சார்பற்றவராக விளங்கவேண்டும் என்பதைச் சட்டம் எடுத்துக்கொண்டதேயன்றி, அதற்கு வழிவகுக்கவில்லை.

1870இல் லோங்போட் தேர்தல் மனுவை விசாரித்த நீதியரசர் பிற்ஸ்ஜெரால்ட் ஒரு தெளிவான எல்லைக்கோட்டை வரைந்தார். குருவானவர் ஆலோசனை கூறலாம், பரிந்துரைக்கலாம், வேண்டிக்கொள்ளலாம், ஒரு வேட்பாளர் ஏன் விரும்பத்தக்கவர், மற்றவர் ஏன் அல்லர் என எடுத்துரைக்கலாம். ஆயின் வாக்காளனின் அச்சத்தைத் தூண்டுதலும், இம்மையிலோ மறுமையிலோ பலனோ தண்டனையோ உண்டெனக் கூறுதலும், திருவருட்சாதனங்களை மறுப்பதாக மிரட்டுதலும் கூடா. குருவுக்கு மற்றெல்லாக் குடிமக்களுக்கும் உள்ள கருத்துரிமை உண்டு. அவருக்கு மட்டுமே உரிய அதிகாரத்தைத் தேர்தலிலே பயன்படுத்தும் உரிமை இல்லை என்பதே இதன் சாரம். பின்வந்த தீர்ப்புகள் யாவும் இக்கோட்டின் மீதே நடக்க முயன்றன. சில அதிலிருந்து வழுவின.

2. கோல்வே, 1872

1872 பெப்ரவரியில் கோல்வே மாவட்டத்தில் நடைபெற்ற இடைத்தேர்தலின் பின்னணியை நிலவுடைமைப் பிரச்சினையிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. வேட்பாளருள் ஒருவரான கப்டன் யோன் பிலிப் நோலன் ஒரு நிலவுடைமையாளர். போர்ட்டகரன் என்னுமிடத்தில் தமது குடியானவர்களை வெளியேற்றியமையால் கண்டனத்துக்குள்ளான அவர், பின்னர் அப்பிணக்கை நடுவர் தீர்ப்புக்கு விட்டு, அதன் முடிவை ஏற்றுக்கொண்டார். சுயாட்சிக் கோரிக்கையை ஆதரித்து நின்ற அவருக்குக் குருமார் துணைநின்றனர். எதிர்த்து நின்ற கப்டன் வில்லியம் லி போயர் ட்றென்ச், கிளான்காட்டிப் பிரபுவின் மைந்தர். நிலவுடைமையாளரிற் பெரும்பாலார், புரட்டஸ்தாந்தர் கத்தோலிக்கர் என்னும் வேறுபாடின்றி, அவர் பக்கம் திரண்டனர். தமது குடியானவர் விடயத்தில் நடுவர் தீர்ப்புக்குத் தலைவணங்கிய ஒருவர் தமது வர்க்கத்தின் உரிமையையே விட்டுக்கொடுத்தவர் என்பது அவர்களது கணிப்பு. எனவே தேர்தல் இரு சமயங்களுக்கிடையிலான போட்டியாக மட்டும் அமையவில்லை. நிலத்தின் மீது யாருடைய சொல் செல்லும் என்னும் போட்டியாகவும் அமைந்தது.

நோலன் 2,823 வாக்குகளும் ட்றென்ச் 658 வாக்குகளும் பெற்றனர். இரகசிய வாக்களிப்பு அப்போது இல்லை. வாக்காளன் சாவடியிலே தன் வேட்பாளரின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலவுடைமையாளரின் முகவரும் குருவானவரும் அதனைக் கேட்டுநிற்பர். வாய்திறக்கும் குடியானவனுக்கு ஒருபுறம் நிலத்தினின்று வெளியேற்றப்படும் அச்சம்; மறுபுறம் ஆலயத்திலே பெயர்சுட்டி இகழப்படும் அச்சம்.

ட்றென்ச் தொடுத்த மனுவை விசாரித்தவர் நீதியரசர் வில்லியம் கியோ. 1872 ஏப்பிரலில் தொடங்கிய விசாரணை மே மாத இறுதியில் முடிவுற்றது. பலமணி நேரம் நிகழ்த்தப்பட்ட தீர்ப்புரையில் அவர் தேர்தலைச் செல்லாததாக்கினார். குருமாரின் தகாத செல்வாக்கே அதற்குக் காரணம் எனக் கண்டார். தூவாம் பேராயரையும் கோல்வே, குளோன்பேட் ஆயர்களையும் குருமார் பலரையும் குறைகூறிப் பாராளுமன்றத்துக்கு அறிக்கை செய்தார். இதனைத் தொடர்ந்து ஆசனம் ட்றென்ச்சுக்கு வழங்கப்பட்டது.

இத்தீர்ப்பிலே ஏற்கத்தக்க பகுதி ஒன்று உண்டு. பலிபீடத்திலிருந்து வேட்பாளருக்கு ஆதரவாகப் பேசுதலும், மாறி வாக்களிப்போரை விசுவாசத் துரோகிகளாகச் சபையிலே காட்டுதலும் லோங்போட் எல்லைக்கோட்டுக்கு அப்பாற்பட்டவையே. அவ்வாறு நிகழ்ந்தது எனச் சாட்சியம் உள்ளவிடத்து, தேர்தலை விலக்குதல் சட்டத்துக்கு இயைந்ததாகும். குருமாருக்குச் சார்பாக எழுந்த அக்காலக் கண்டனங்கள் இதனைப் பெரும்பாலும் கண்டும் காணாது விட்டன.

ஆயின் தீர்ப்புரையின் மொழியும் தொனியும் அதன் பயனையே அழித்துவிட்டன. கியோ கோல்வேயிலே பிறந்த கத்தோலிக்கர். 1852இல் சுதந்திர எதிர்க்கட்சியாக நிற்பதாக உறுதிபூண்ட ஐரிஷ் உறுப்பினருள் ஒருவராயிருந்து, அவ்வாண்டு முடிவதற்குள் அரசாங்கப் பதவியை ஏற்றவர். அதனால் மக்கள் அவரைத் துரோகி எனக் கருதினர்; குருமார் பலரும் அவரை மன்னிக்கவில்லை. இத்தகைய வரலாறுடைய ஒருவர் குருமாரைப் பற்றித் தீர்ப்புரைக்க நேர்ந்தால், ஏனையோரினும் கூடுதலான நிதானம் அவரிடம் எதிர்பார்க்கப்படும். கிடைத்ததோ அதற்கு நேர்மாறானது. சாட்சிகளை ஏளனம் செய்தும், குருமாரின் பேச்சையும் நடையையும் எள்ளி நகையாடியும், நீதிமன்ற மொழியை விடுத்து மேடை மொழியை அவர் கைக்கொண்டார். நிலவுடைமையாளர் பற்றிய அவரது சொற்களோ மென்மையும் மதிப்பும் மிக்கவை.

இங்கேதான் தீர்ப்பின் அடிப்படைக் குறைபாடு வெளிப்படுகின்றது. குருவானவரின் சொல்லுக்கு அஞ்சி வாக்களித்தவன் சுதந்திரமற்றவன் என்பது உண்மையாயின், நிலவுடைமையாளரின் முகத்துக்கு அஞ்சி வாக்களித்தவனும் அவ்வாறே சுதந்திரமற்றவன். முன்னையதை மனச்சாட்சியின் அடிமைத்தனம் என்றும், பின்னையதைச் சமூகத்தின் இயல்பான மரியாதை என்றும் கொள்வது நீதியன்று. ஒரே தராசின் ஒரு தட்டை மட்டும் நோக்கியவரின் கணக்காகவே அது அமையும். அன்றியும், கியோ காணும் வாக்காளன் சிந்திக்கும் ஆற்றலற்றவன். மேய்ப்பன் ஓட்டிய திசையில் ஓடும் மந்தையின் உறுப்பு. 2,823 பேருள் எவரும், தமது நிலத்தைப் பற்றிய கவலையினாலும் நாட்டைப் பற்றிய எண்ணத்தினாலும் தாமாகவே நோலனைத் தேர்ந்திருக்கக்கூடும் என்பது அவரது நோக்கில் உரிய இடம் பெறவில்லை. வாக்காளனின் சுதந்திரத்தைக் காக்க எழுந்த தீர்ப்பு வாக்காளனையே இழிவுபடுத்தியது. இம்முரண்பாடே கோல்வேத் தீர்ப்பின் தீராத மாசாகும்.

தீர்ப்பின் விளைவும் இதனை உறுதிப்படுத்துகின்றது. 658 வாக்குப் பெற்றவர் மாவட்டத்தின் பிரதிநிதியானார். அச்சத்தினாலோ அன்றியோ நோலனுக்கு வாக்களித்தோர் மீண்டும் வாக்களிக்கும் வாய்ப்பையும் இழந்தனர். அயர்லாந்தின் பல பாகங்களில் கியோவின் கொடும்பாவிகள் எரிக்கப்பட்டன. ஐசாக் பட் பாராளுமன்றத்திலே அவரது நடத்தையைக் கண்டித்துக் கொணர்ந்த பிரேரணை தோற்கடிக்கப்பட்டது. குளோன்பேட் ஆயர் டகன் மீது தொடரப்பட்ட குற்றவழக்கில் 1873இல் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். 1874ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நோலன் அதே தொகுதியில் மீண்டும் தெரிவானார். உண்மையிலேயே மிரட்டப்பட்ட வாக்காளர் சிலர் இருந்திருப்பின், அவர்களின் முறைப்பாடு நீதிபதியின் சினத்துக்கும் மக்களின் சினத்துக்கும் இடையே புதைந்துபோயிற்று.

3. இரகசிய வாக்கும் இரகசியமற்ற மனமும்

கோல்வேத் தீர்ப்பு வெளிவந்த சில வாரங்களின் பின், 1872 ஜூலையில், இரகசிய வாக்களிப்புச் சட்டம் நிறைவேறியது. இனி எவரும் எவரையும் அச்சுறுத்த முடியாது எனப் பலர் நம்பினர். நிலவுடைமையாளரைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை பெரிதும் பொய்க்கவில்லை. தண்டிப்பவன் முதலில் அறிந்தாக வேண்டும். வாக்கு மறைந்தவுடன் தண்டனைக்கு இலக்கும் மறைந்தது.

ஆயின் ஆன்மிக அச்சத்தின் இயக்கம் வேறானது. அங்கு தண்டிப்பவனுக்குச் செய்தி கொண்டுசெல்ல முகவர் வேண்டியதில்லை. வாக்காளனின் மனமே சாட்சி. அவனது நம்பிக்கையின்படி, தீர்ப்பளிப்பவர் எல்லாம் அறிந்தவர். சாவடியின் திரைக்குப் பின்னால் தனித்து நின்றபோதும் அவன் தனித்து நிற்கவில்லை. பொருளாதார நிர்ப்பந்தத்தைத் தளர்த்திய அதே சீர்திருத்தம், ஆன்மிக நிர்ப்பந்தத்தை ஏறக்குறைய தொடாமலே விட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. மேலும், எழுத்தறிவற்ற வாக்காளன் தன் தெரிவைச் சாவடித் தலைவரிடம் முகவர் முன்னிலையிலே சொல்லவேண்டும் எனச் சட்டம் விதித்தது. குருவானவரே வேட்பாளரின் முகவராகச் சாவடியுள் இருப்பின், அவனுக்கு 1872ஆம் ஆண்டுச் சட்டம் பெயரளவிலேதான் பயன்பட்டது. இந்நிலை எவ்வாறு முற்றியது என்பதை மீத் வழக்குகள் காட்டுகின்றன.

4. மீத், 1892

மீத் வழக்குகளின் களம் முற்றிலும் வேறானது. இங்கு எதிரெதிர் நின்றவர்கள் ஒரே தேசிய இயக்கத்தின் இரு பிளவினர். ஓஷே மணமுறிவு வழக்கின் பின் 1890 டிசம்பரில் கட்சி பிளந்தது. 1891 ஒக்டோபரில் பார்ணல் மறைந்தார். பார்ணல் முதன்முதலாகப் பாராளுமன்றம் சென்றது 1875இல் மீத் தொகுதியினின்றே என்பதனால் அங்கு போட்டி கடுமையாயிற்று. 1892 ஜூலைப் பொதுத்தேர்தலில் வட மீத்தில் மைக்கல் டவிற் 403 மேலதிக வாக்குகளாலும், தென் மீத்தில் பற்றிக் புல்லம் 83 மேலதிக வாக்குகளாலும் பார்ணல் சார்பினரை வென்றனர்.

தேர்தலுக்குச் சற்று முன் மீத் ஆயர் தோமஸ் நல்ற்றி மறைமாவட்டம் முழுவதிலும் வாசிக்கப்படுமாறு ஒரு சுற்றுமடலை வெளியிட்டார். பார்ணலியம் பாவம் என்றும், அதனைக் கைவிடாத ஒருவர் சாகுந்தறுவாயில் தகுதியுடன் இறுதிச் சாதனங்களைப் பெறமுடியாது என்றும் அம்மடல் போதித்தது. குருமார் பலர் அக்கருத்தையே பிரசங்கித்தனர், வாக்குச் சேர்த்தனர், சாவடிகளில் முகவராயும் இருந்தனர். இரு தொகுதிகளிலும் மனுக்கள் தொடுக்கப்பட்டன. இரண்டு தேர்தல்களும் செல்லாதனவாக்கப்பட்டன.

ஆயர் நல்ற்றியை மக்கள் விரோதி எனத் தள்ளிவிடுதல் எளிதன்று. நிலம் மக்கள் யாவருக்கும் பொதுவானது என 1881இலேயே வாதித்தவர் அவர். குடியானவரின் பக்கம் உறுதியாக நின்ற ஒருவரே குடியானவரின் வாக்கை ஆன்மிக ஆணையால் கட்ட முற்பட்டார். அவ்வாறே, காணிக் கழகத்தின் தந்தையும் மக்கள் தலைவருமான டவிற், தாம் நேரடியாகச் செய்யாத குற்றத்துக்காக ஆசனத்தை இழந்தார். வழக்குச் செலவு அவரை வங்குரோத்து நிலைக்குத் தள்ளியது. வேட்பாளருக்காக உழைத்த குருமார் அவரது முகவராயினர் என்பதே சட்டத்தின் நோக்கு. நல்ல நோக்கமும் நல்ல வேட்பாளரும் தீய வழியைத் தூய்மைப்படுத்துவதில்லை என்னும் கடுமையான பாடம் இதில் உண்டு. கோல்வேயில் நிலவுடைமையாளர் தரப்பு குருமார் மீது குற்றஞ்சாட்டிற்று. மீத்திலோ சுயாட்சி கோரிய மக்களே, தம் குருமார் மீது, தம் சுதந்திரத்தின் பெயரால் குற்றஞ்சாட்டினர். இதனாலேயே மீத் மனுக்களை அந்நிய ஆட்சியின் சூழ்ச்சி என எவரும் எளிதில் ஒதுக்க முடியவில்லை.

தீர்ப்புரைகளை ஒப்பிடின், தென் மீத் வழக்கில் நீதியரசர் ஓபிறயனின் உரை கியோவின் உரையினும் பன்மடங்கு மேலானது. அவரும் கத்தோலிக்கரே. திருச்சபை அம்மக்களின் வாழ்வில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதை அவர் ஏளனமின்றி எடுத்துரைத்தார். அந்த ஆழமே ஆயரின் சொல்லைச் சாதாரணக் கருத்துரையினின்று வேறாக்குகின்றது என்பது அவரது வாதம். வாக்காளன் மூடன் என்பதனாலன்று, விசுவாசி என்பதனாலேயே அவனுக்குப் பாதுகாப்பு வேண்டும். ஒருவன் உயிரினும் மேலாக மதிக்கும் ஒன்றைப் பணயமாக வைத்து அவனது வாக்கைக் கேட்டல் கூடாது. கியோவின் தீர்ப்பு எழுந்த இடம் அவமதிப்பு. இத்தீர்ப்பு எழுந்த இடம் மதிப்பு. முடிவு ஒன்றாயினும் இவ்வேறுபாடு சிறிதன்று.

எனினும் இத்தீர்ப்பாலும் விடுவிக்க முடியாத புதிர் ஒன்றுண்டு. 1893 பெப்ரவரி இடைத்தேர்தல்களில் இரு தொகுதிகளிலும் பார்ணல் எதிர்ப்பினரே மீண்டும் வென்றனர். தென் மீத்தில் வென்ற ஜெரமையா ஜோர்டன் ஒரு மெதடிஸ்தர். குருமாரின் ஆதரவைப் பெற்ற தரப்பு ஒரு புரட்டஸ்தாந்தரை நிறுத்தி வென்றமை, அப்போராட்டம் சமயப் போராட்டம் என்ற எளிய விளக்கத்தை உடைக்கின்றது. மக்கள் தாமாகவே அத்தரப்பை விரும்பினர் எனின், முன்னைய தேர்தலை விலக்கியமையால் பயனென்ன? அச்சமே மீண்டும் வென்றது எனின், நீதிமன்றத்தின் ஆணை எதனை மாற்றியது?

5. சாளவோய்: மறுபக்க வாதம்

இதே காலத்தில் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் இப்பிணக்கு எழுந்தது. 1875இல் கியூபெக் ஆயர்கள் கத்தோலிக்க லிபரலியத்தைக் கண்டித்து ஒரு கூட்டுச் சுற்றுமடலை வெளியிட்டனர். 1876 ஜனவரியில் சாளவோய் இடைத்தேர்தலில் பழமைவாதக் கட்சியின் ஹெக்டர் லாஞ்செவின் வென்றார். லிபரல் வேட்பாளருக்கு வாக்களித்தல் பாவம் எனக் குருமார் போதித்தனர் என்பது மனுதாரரின் முறைப்பாடு. மனுவை முதலில் விசாரித்த நீதிபதி றூதியே – கனடாவின் தேசியகீதத்துக்குப் பிரெஞ்சு வரிகளை எழுதியவர் – குருவானவர் பீடத்திலிருந்து கூறுவதை விசாரிக்கக் குடியியல் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை எனத் தள்ளுபடி செய்தார்.

றூதியேயின் வாதத்தை எளிதில் புறக்கணித்தல் ஆகாது. எது பாவம், எது பாவமன்று என்பதை அரசின் நீதிபதி தீர்மானிக்கத் தொடங்கின், மதச் சுதந்திரத்துக்கு எல்லை வகுப்பவர் யார்? அடிமைமுறையை ஆதரிக்கும் வேட்பாளனுக்கு வாக்களித்தல் பாவம் என ஒரு போதகர் கூறுவாராயின் அவரையும் தடுப்பதா? இவ்வினாவின் வலு இன்றும் குறையவில்லை. ஆயின், தேர்தல் அரசின் நிறுவனம். அதனுள் புகுந்து அதிகாரம் செலுத்துவோர் அதன் விதிகளுக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்பதை அவர் காணத் தவறினார்.

1877 பெப்ரவரியில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அவரது முடிவை மாற்றித் தேர்தலைச் செல்லாததாக்கியது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஜீன்-தோமஸ் தாஷரோ. அவரது உடன்பிறந்தார் கியூபெக் பேராயர். வெற்றிபெற்ற லாஞ்செவினின் உடன்பிறந்தாரோ றிமூஸ்கி ஆயர். இத்தனை உறவுச் சிக்கலிடையேயும் தாஷரோ சாட்சியத்தைவிட்டு விலகவில்லை. குருமாரைப் பழிக்காது, வாக்காளர் தம் வாயாலே கூறிய அச்சத்தைச் சான்றாகக் கொண்டு அவர் முடிவுக்கு வந்தார். கியோவின் தீர்ப்பு எவ்வாறு எழுதப்பட்டிருக்கலாம் என்பதற்கு இதுவே சிறந்த விடை. மறுதேர்தலில் லாஞ்செவின் மீண்டும் வென்றார். எனினும் பாப்பரசரின் பிரதிநிதியாக அங்கு அனுப்பப்பட்ட ஆயர் கொன்றோயின் முயற்சியால் 1877 முடிவதற்குள் ஆயர்களின் தொனி தணிந்தது. கொன்றோய் லோங்போட்டை உள்ளடக்கிய ஆடா மறைமாவட்டத்தின் ஆயர் என்பது வரலாற்றின் ஒரு விந்தைப் பொருத்தம்.

6. வழித்தோன்றல்கள்

இக்கோட்பாடு பிரித்தானிய ஆட்சி பரவிய நாடுகளின் சட்டங்களிலெல்லாம் நிலைபெற்றது. இலங்கையின் 1946ஆம் ஆண்டுத் தேர்தற் கட்டளையில் ஆன்மிகத் தீங்கு என்னும் சொல் இடம்பெற்றது. 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டமும் இக்கருத்தைப் பேணியதோடு, தேர்தற் காலத்தில் சமயக் கூட்டங்களிலே வாக்குக் கோருவதையும் தடுத்தது. இந்தியாவின் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெய்வக் கோபத்துக்கோ ஆன்மிகக் கண்டனத்துக்கோ ஆளாக நேரும் என நம்பவைத்தலைக் குற்றமாக்கியது. நாம்தாரி சீக்கிய குருவின் ஆணை பற்றிய ராம் தயால் – சந்த் லால் வழக்கில், 1959இல், இந்திய உச்ச நீதிமன்றமும் கருத்துரைத்தல் வேறு, மறுக்கமுடியாத ஆணையிடல் வேறு என்னும் வேறுபாட்டையே வலியுறுத்தியது.

அயர்லாந்து வழக்குகள் உறங்கிவிட்டன என எண்ணப்பட்ட வேளையில், 2015இல் கிழக்கு இலண்டனின் டவர் ஹம்லற்ஸ் மேயர் தேர்தல் வழக்கு அவற்றை எழுப்பியது. 101 இமாம்கள் ஒப்பமிட்டு வங்காளிப் பத்திரிகையொன்றில் வெளியான வேண்டுகோள், பிற முறைகேடுகளோடு, தேர்தலை விலக்கக் காரணமாயிற்று. விசாரணையாளர் றிச்சட் மோறி, கல்வியிலும் அரசியலறிவிலும் முதிர்ந்த சமூகத்துக்கும், மரபையும் அதிகாரத்தையும் மதிக்கும் சமூகத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்னும் கருத்தை முன்வைத்தார். கியோவின் மந்தை இங்கே நாகரிகமான சொற்களில் மீண்டும் தலைகாட்டுகின்றது. பதவியிழந்த மேயர், தடைக்காலம் கழிந்தபின் 2022இல் மீண்டும் தெரிவானார். அதே ஆண்டின் தேர்தல்கள் சட்டம் தகாத செல்வாக்கைப் புதிதாக வரையறுத்தபோதும், தகாத ஆன்மிக அழுத்தம் என்னும் கருத்தைக் கைவிடவில்லை.

7. மதிப்பீடு

தொகுத்து நோக்குமிடத்து இத்தீர்ப்புகளை மதிப்பிட மூன்று உரைகற்கள் உண்டெனலாம்.

முதலாவது, சொல்லப்பட்டது எது என்பதைவிட, சொல்பவரிடம் உள்ள அதிகாரம் எது என்பது. ஒரு கொள்கை தவறானது, ஏன், பாவமானது என ஒரு குரு வாதிக்கலாம். கேட்போன் அவ்வாதத்தை எடைபோடலாம். ஆயின் திருவருட்சாதனத்தை மறுப்பேன் என அவர் கூறும்போது அது வாதமன்று. தம் கையிலுள்ள ஒன்றைக் கொடாது தண்டிப்பதாகும். நிலத்தினின்று வெளியேற்றுவேன் என்பதற்கும் இதற்கும் உருவில் வேற்றுமையில்லை. இவ்வழியாக நோக்கின் றூதியேயின் வினாவுக்கும் விடை கிடைக்கின்றது. அடிமைமுறையைக் கண்டிக்கும் போதகர் தடுக்கப்பட வேண்டியவரல்லர். வாக்கை விலையாகக் கேட்டு அருட்சாதனத்தைப் பிடித்துவைப்பவரே தடுக்கப்பட வேண்டியவர்.

இரண்டாவது, சான்று வாக்காளனிடமிருந்து வரவேண்டும். வாக்காளனைப் பற்றிய நீதிபதியின் கருத்திலிருந்து வரக்கூடாது. இன்ன சமூகத்தார் எளிதில் அஞ்சுவர் என்னும் முற்கோளிலிருந்து தொடங்கும் தீர்ப்பு, தான் காக்க முனையும் மனிதரை இரண்டாந்தரக் குடிகளாக்குகின்றது.

மூன்றாவது, தராசு ஒன்றாக இருத்தல் வேண்டும். பலிபீடத்தின் அச்சுறுத்தலைக் கண்டு, பண்ணை வாசலின் அச்சுறுத்தலைக் காணாத நீதி, ஒரு வர்க்கத்தின் கருவியாகவே மக்கள் மனத்தில் பதியும்.

இம்மூன்றிலும் கோல்வேத் தீர்ப்பு தவறியது; சாளவோய்த் தீர்ப்பு பெரிதும் தேறியது; மீத் தீர்ப்புகள் முன்னைய இரண்டிலும் தேறியவை. மறுதேர்தல்களில் முன்னைய தரப்பே வென்றமை இத்தீர்ப்புகளை வீண் எனக் காட்டுவதாகக் கொள்ளல் பொருந்தாது. ஒரு வாக்கு எத்தரப்புக்குச் செல்கின்றது என்பதை மாற்றுவது நீதிமன்றத்தின் வேலையன்று. அது எவ்வாறு செல்கின்றது என்பதே அதன் கவலை. அச்சத்தோடு அளித்த வாக்கும் அச்சமின்றி அளித்த வாக்கும் ஒரே பெட்டியில் ஒரே எண்ணிக்கையாக வீழலாம். ஆயினும், இரண்டாவது வாக்கை அளித்துவிட்டு வீடு திரும்பும் மனிதன் முதலாவதை அளித்தவன் அல்லன். தீர்ப்பு எழுதுவோன் அவனை மதித்தால்தான் அவ்வேறுபாட்டைக் காண்பான். கியோ காணாததும் தாஷரோ கண்டதும் அதுவே.